நாலடிச் சாவி

மார்ச் 4, புதன்

டைரியில் செவ்வாய் என்று அச்சடித்திருக்கிறது. அடித்துப் புதன் என்று எழுதிக்கொண்டேன். இது போன வருஷத்து டைரி. டைல்ஸ் கடை முதலாளி மிச்சமானதையெல்லாம் பெட்டி பெட்டியாக ஹாலுக்கு அனுப்பிவிட்டார். வீடில்லாத ஜனங்களுக்குக் கிழமை எதுக்கு என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கடை வாசகம் வேறு: "உங்கள் தரைக்கு நாங்கள் பொறுப்பு." ஐந்து மாதமாக இந்த ஹால் தரையில் போர்வையை விரித்துப் படுக்கிறேன். பொறுப்பானவர் ஒரு நாள் வந்து, முதுகு வலிக்குதா என்று கேட்டதில்லை.

அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். அச்சகத்தை மூடிவிட்டார்கள். பிழை கண்ணில் படுவது மட்டும் நிற்கவில்லை.

சரி, எழுத வந்த விஷயம். இன்று ஹால் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் ஆறு மாதம்தான் இங்கே இருக்கலாம். எங்களுக்கு 31-ம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஆண்கள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஆண்கள் விடுதிக்கு. பெண்களும் பிள்ளைகளும் இந்தக் கோடியில் இருக்கும் பெண்கள் விடுதிக்கு. சந்திக்கும் நேரம் சனிக்கிழமை, நாலிலிருந்து ஆறு.

பதினேழு வருஷம் இவரை ராணுவம் வைத்துக்கொண்டது. அப்போது லீவில் வருவார், பார்ப்பேன். முழங்கால் போய் வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் முழுசாகக் கூட இருக்கிறார். இப்போது மறுபடி சனிக்கிழமை புருஷனா? என்ன பிழைப்பு இது.

மார்ச் 8, ஞாயிறு

சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார்கள். ஒரே மாதிரி பனியன், முதுகில் ஆபீஸ் பேர், முப்பது பேர். போன மாதம் இன்னொரு ஆபீஸ் வந்து அதே சுவருக்கு அடித்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்லூரி. நாங்கள் வந்த பிறகு மட்டும் இது ஐந்தாவது தடவை. துணி கட்டிப் பிரித்த எங்கள் தடுப்பு அந்தச் சுவரை ஒட்டியிருப்பதால் எப்போதும் எங்களில் யாராவது ஒருவருக்கு முழங்கையில் நீலப் பெயிண்ட்.

கக்கூஸ் குழாய் நாலு மாதம் ஒழுகியது. குழாய்ப் பக்கம் ஒரு பனியனும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே நின்றால் போட்டோ நன்றாக வராதாம். கடைசியில் இவர்தான் தகர டப்பாவைத் திறந்து சரி பண்ணினார். வாடகை வீட்டிலிருந்து சாமானை வெளியே வைத்தபோது இவர் கையில் எடுத்தது அந்த டப்பா ஒன்றைத்தான்: ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், நட்டு, போல்ட்டு. பாலம் போடும் பிரிவில் இருந்தவர். வயசானவர்களுக்கென்று நன்கொடையாக வந்த கட்டில்கள் போல்ட்டே இல்லாமல் வந்தன. அதையும் இவர்தான் நிற்க வைத்தார். பேச்சு குறைவு, டப்பா திறப்பது அதிகம்.

நேற்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே நூற்றுப் பத்து கழுத்து டை. ஆபீஸே இல்லாத எட்டுப் பேருக்கு ஆளுக்குப் பதின்மூன்று, மிச்சம் ஆறு. மகள் அதை முடிச்சுப் போட்டுத் துணி காயவைக்கிற கொடி கட்டினாள். நல்ல சில்க். துணி வழுக்கி வழுக்கி விழுகிறது.

மார்ச் 11, புதன்

கடவுளே, நிஜமாக இருக்கட்டும்.

ஹாலை நடத்துகிற சங்கத்தின் தலைவருக்கு நான் வைத்த பேர் கைதட்டல். எதைச் சொல்வதற்கு முன்னாலும் மூன்று தடவை கைதட்டுவார், பிறகு எல்லாரும் தட்ட வேண்டும். பல்பு மாற்றினாலும் தட்டுவார். இன்று சாயந்திரம் எங்கள் தடுப்புக்கு முன்னால் வந்து நின்று தட்டினார்.

"ஏம்மா, உங்களுக்கு வீடு! ரெண்டு ரூம், ஒரு சமையலறை. நம்ம டைல்ஸ் முதலாளி குடுக்கிறாரு. வாடகை கிடையாது. இருபத்திரண்டாம் தேதி விழா!"

என் வாயில் முதலில் வந்தது நன்றி இல்லை. "மூணு பேரும் ஒண்ணா இருக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"பின்ன? ஒண்ணாத்தான்!" என்று இன்னொரு தடவை தட்டினார். நானும் தட்டினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தட்டினேன்.

மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் முழங்கை நீலம் என் தோளில். இவர் "கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 12, வியாழன்

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. விழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிகிறது.

மார்ச் 16, திங்கள்

ஒத்திகை. ஆமாம், சாவி வாங்குவதற்கு ஒத்திகை. கல்யாணத்துக்குக்கூட நான் ஒத்திகை பார்த்ததில்லை.

சாவி வந்திறங்கியது. தெர்மாகோலில் வெட்டி, தங்கக் கலர் அடித்து, நாலடி நீளம். ஹால் வாசலில் நேராக நுழையவில்லை, சாய்த்துக் கொண்டுவந்தார்கள். ஓவியர் ஒருவர் மூன்று நாள் உட்கார்ந்து செய்தாராம். கைதட்டல் அதைத் தடவித் தடவிப் பார்த்தார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல.

"நிஜ சாவி எங்க சார்?" என்றேன்.

"அதெல்லாம் வரும்மா. முதல்ல இதைப் பாருங்க."

பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? ஹாலில் பாதி அதுதான்.

ஒத்திகை இப்படி: முதலாளி சாவியை நீட்டுவார், இவர் வாங்குவார், நான் கண்ணைத் துடைக்க வேண்டும், மகள் மேலே பார்த்துச் சிரிக்க வேண்டும். "அழுகை அளவா இருக்கணும், ரொம்ப வேண்டாம்" என்று எனக்குத் தனியாகச் சொன்னார். எத்தனை சொட்டு என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது.

கடைசியில் இவரைப் பார்த்து, "வீரரே, நீங்க முதலாளிக்கு ஒரு சல்யூட். அதுதான் பேப்பர்ல வரப்போற போட்டோ. முதலாளியே ஆசைப்பட்டுக் கேட்டிருக்காரு" என்றார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தொப்பி இல்லாம நாங்க சல்யூட் அடிக்கிறதில்லை சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 17, செவ்வாய்

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன்.

ஒரு சல்யூட் அடிச்சா கை தேஞ்சா போயிடும்? அந்த ஆளு வீடு குடுக்கிறான், நம்ம பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை அப்பாவைப் பாக்கணுமா? கௌரவத்தை வச்சுக்கிட்டு எந்தச் சுவருக்குள்ள படுக்கிறது? வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏழு குடும்பமும் காது கொடுத்துக் கேட்டது.

இவர் சொன்னார்: "என்கூடப் பாலத்துல இருந்த ஆறு பேரைப் பெட்டியில வச்சு அனுப்பினப்போ அடிச்ச கை இது. டைல்ஸ் வித்தவனுக்கு வராதுடி. முயற்சி பண்ணிப் பாத்தேன். நேத்து பாத்ரூம்ல கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன். தூக்க முடியலை."

முயற்சி பண்ணிப் பார்த்தாராம். எனக்காக, தனியாக, கண்ணாடி முன்னால். நான் ஒரு ராட்சசி.

மார்ச் 19, வியாழன்

தொப்பி கிடைத்துவிட்டதாம். கைதட்டல் பெட்டியோடு ஓடி வந்தார், மூச்சு வாங்க. திறந்தால் சிவப்பு வெல்வெட், மேலே வெள்ளை இறகு, பக்கத்தில் தங்கக் குஞ்சலம்.

இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது பேண்டு வாத்தியக்காரங்க தொப்பி."

"ராணுவ பேண்டா?"

"கல்யாண பேண்டு."

மகள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது. எவ்வளவு நாள் ஆயிற்று அவள் இப்படிச் சிரித்து. கைதட்டலின் மூஞ்சி தொங்கிப் போயிற்று. "வாடகைக்கு எடுத்தேன் வீரரே" என்றார். போகும்போது, "சல்யூட் இல்லாம முதலாளி கோவிச்சுக்குவாரு. வீடு கைமாறிப் போனா என்னைச் சொல்லக் கூடாது" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

 சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போனதோ.

மார்ச் 21, சனி

31-க்கு இன்னும் பத்து நாள். நாளைக்கு அவர் கை உயருமா? உயரக் கூடாது என்றும் வேண்டுகிறேன், உயர வேண்டும் என்றும் வேண்டுகிறேன். கேட்கிற கடவுளுக்குத் தலை சுற்றும்.

மார்ச் 22, ஞாயிறு

எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

ஹாலுக்கு முன்னால் காலையிலேயே மேடை. பேனரில் முதலாளி முகம் ஆளுயரத்துக்கு, எங்கள் மூவரும் அவர் பாக்கெட் பக்கத்தில் தபால் தலை அளவில். பேச்சாளர்கள் ஒன்பது பேர். தியாகம் என்ற சொல்லை எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். இவர் முழங்கால் தாங்காமல் காலை மாற்றி மாற்றி நின்றார். நாற்காலி ஒன்றுகூட எங்களுக்கு இல்லை.

சாவி வந்தது. முதலாளி ஒரு முனையைப் பிடித்து நீட்டினார். இவர் வாங்கினார். வாங்கினதும் கைதட்டல் மேடைக்குக் கீழேயிருந்து நெற்றியில் கை வைத்து வைத்துக் காட்டுகிறார், சல்யூட், சல்யூட் என்று. முதலாளியும் பதிலுக்கு அடிக்கத் தன் கையைப் பாதி தூக்கிவிட்டார். 

இவர் அசையாமல் நின்றார். எப்படி அசைவார்? நாலடிச் சாவி. ரெண்டு கையாலும் கட்டிப்பிடித்தால்தான் நிற்கும். ஒரு கையை எடுத்தால் முதலாளி தலையில்தான் விழும். மூன்று நாள் உட்கார்ந்து செய்த அந்த ஓவியர் நன்றாக இருக்கட்டும்! இத்தனை ஒத்திகையிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாதி தூக்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் முதலாளி தலைமுடியைக் கோதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பேப்பர் ரிப்போர்ட்டர் பெண் போட்டோ எடுத்துவிட்டாள்.

நான் கண்ணைத் துடைத்தேன். அளவாக இல்லை. சிரிப்பை அடக்கினதில் வந்த தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்?

சரி, இனிமேல்தான் கூத்து. விழா முடிந்தது. கார்கள் போயாயிற்று. "சார், நிஜ சாவி?" என்றேன்.

கைதட்டல் கைதட்டவில்லை. "அது முதலாளியோட மேனேஜர்கிட்ட இருக்கும்மா. வீட்டுக்குள்ள கொஞ்சம் ஸ்டாக் வச்சிருக்காங்க. பத்துப் பதினஞ்சு நாள்ல காலி பண்ணிடுவாங்க."

"அதுவரைக்கும் எங்க தடுப்புலயே இருக்கோம்."

அவர் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் தடுப்பில் வேறொரு குடும்பம், பைகளோடு. அந்தப் பெண் மடியில் கைக்குழந்தை. பதிவேட்டில் எங்கள் பேருக்கு நேராகக் காலையிலேயே எழுதிவிட்டார்கள்: "வீடு பெற்று வெளியேறினர்." அந்தப் பெண் என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள். எழுந்துக்காதம்மா, உக்காரு என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆக, ஹாலில் இடம் இல்லை, வீட்டுக்குச் சாவி இல்லை. கையில் நாலடித் தெர்மாகோல். விடுதிக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்டார்கள். ஒருத்தருக்கு அந்தக் கோடி, ரெண்டு பேருக்கு இந்தக் கோடி.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "வீடு எங்க இருக்கு? அட்ரஸைக் குடுங்க."

ஒரு லோடு வண்டியில் போனோம். மூட்டை நாலு, தகர டப்பா, பெரிய சாவி. சாவி பறந்துவிடாமல் மகள் அதன்மேல் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. இவர் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தாழ்ப்பாள் ஸ்க்ரூவை வெளிப்பக்கம் போட்டிருக்கான். மடையன்."

நாலு ஸ்க்ரூ. தாழ்ப்பாள் பூட்டோடு சேர்ந்து கையில் வந்தது. பூட்டை நாங்கள் தொடவே இல்லை, அது பூட்டினபடியே இருக்கிறது. கதவு உட்பக்கமாகத் திறந்தது. பதினோரு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்தது.

உள்ளே இடுப்பளவுக்கு டைல்ஸ் பெட்டி. நடுவில் ஒற்றையடிப் பாதை. ஒவ்வொரு பெட்டியிலும் "உங்கள் தரைக்கு நாங்கள் பொறுப்பு." தரை மட்டும் வெறும் சிமெண்டு. இதை எழுதுவது ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துதான். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறோம்.

மார்ச் 23, திங்கள்

மேனேஜர் எட்டு மணிக்கே வந்துவிட்டார், பெட்டி எடுக்க. தாழ்ப்பாள் இல்லாத கதவையும் அடுப்பு மூட்டுகிற என்னையும் பார்த்து, "யாரு உங்களை உள்ள விட்டது?" என்று கத்தினார்.

மகள் விடிந்ததுமே போய்ப் பேப்பர் வாங்கி வந்திருந்தாள், நல்லவேளை. மூன்றாம் பக்கத்தில் படம். கீழே: "வீரருக்கு வீடு: குடும்பத்துடன் குடியேறினார்."

"உங்க முதலாளிதான் விட்டாரு. பாருங்க, எவ்வளவு சந்தோஷமாத் தலையைக் கோதிக்கிறாரு."

"அது சும்மா விழாம்மா!"

"அப்போ பேப்பர்ல வந்தது பிழையா சார்? நான் பிழை திருத்துற வேலை பாத்தவ. பிழைன்னா சொல்லுங்க, அந்த ரிப்போர்ட்டர் பொண்ணைக் கூப்பிட்டு, 'குடியேறல, மேனேஜர் வெளிய போகச் சொன்னாரு'ன்னு திருத்திப் போடச் சொல்றேன். அவ நம்பர் எங்கிட்ட இருக்கு."

நம்பர் என்னிடம் இல்லை. திரும்பி அடுப்பை ஊதினேன். மேனேஜர் வெளியே போய்ப் போனில் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து, "31-ம் தேதிக்குள்ள காலி பண்ணலைன்னா போலீஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி எடுக்க மறந்துவிட்டார். எனக்கென்ன, அதே 31 மறுபடி.

மார்ச் 25, புதன்

கைதட்டல் வந்தார், தனியாக. வாசற்படியில் உட்கார்ந்தார். நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன்: பெயிண்ட், டை, தொப்பி, அளவான அழுகை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "வீடு கேட்டு நாப்பத்தி மூணு பேர்கிட்ட போனேம்மா. எல்லாரும் டீ குடுத்து அனுப்புனாங்க. இவர் ஒருத்தர்தான் சரின்னாரு. அதுவும் போட்டோ இருந்தாத்தான். நான் கைதட்டலைன்னா ஒருத்தரும் தட்ட மாட்டாங்க. அது எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "நிஜ சாவியைக் கேக்காம விட்டீங்களே சார்?"

"கேக்கலைம்மா. பயம். கேட்டா இல்லைன்னுடுவாரோன்னு."

இவர் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தார். கைதட்டல் குடித்துவிட்டு, "அந்த ரிப்போர்ட்டர் பொண்ணு நம்பர் நிஜமா இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "எங்கிட்ட இருக்கு" என்றார்.

மார்ச் 28, சனி

சனிக்கிழமை. நாலிலிருந்து ஆறு வரை இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு காரணமும் இல்லாமல். என்னடி என்றார். சும்மா என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

போலீஸ் வரவில்லை. லாரி வந்தது. டைல்ஸ் பெட்டியெல்லாம் போயிற்று, வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. பின்னாலேயே மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார்: மூன்று வருஷத்துக்கு வாடகை இல்லாமல், எங்கள் இருவர் பேரிலும். "குடியேறிய வீரரின் புது வாழ்வு" என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு அந்த ரிப்போர்ட்டர் பெண் படம் எடுக்க வரப்போகிறாளாம். கைதட்டல் வேலை. முதலாளி நேரில் வந்து பக்கத்தில் நிற்பாராம். நிற்கட்டும்.

காகிதத்தில் ரெண்டு எழுத்துப் பிழை. திருத்தி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கூடவே ஒரு சாவி. என் சுண்டுவிரல் நீளம். இவர் அதை வாங்கி, பூட்டில் போட்டுத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பிறகு தாழ்ப்பாளைக் கதவில் திருப்பி மாட்டினார், ஸ்க்ரூ உட்பக்கம் வருகிற மாதிரி.

ஏப்ரல் 26, ஞாயிறு

கைதட்டல் வந்தார். அடுத்த ஞாயிறு இன்னொரு விழாவாம், கைக்குழந்தையோடு எங்கள் தடுப்புக்கு வந்த அந்தக் குடும்பத்துக்கு. வேறு முதலாளி, இரும்புக் கடை. "அந்தப் பெரிய சாவியை ஒரு நாளைக்குக் குடுங்கம்மா, புதுசா செய்ய நேரமில்லை" என்றார். நிஜ சாவி கேட்டீங்களா என்றேன். கேட்டாராம். விழா அன்னிக்குக் காலையில் தருவதாகச் சொன்னார்களாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் அதைத் தன் ஜன்னலில் வெயிலுக்குத் தடுப்பாக வைத்திருந்தாள். எடுத்துத் துடைத்தேன். பின்பக்கம், கலர் அடிக்காத வெள்ளையில், பேனாவால் பெரிதாக எழுதினேன்: "தங்கச்சி, சின்னச் சாவி கைக்கு வராம மேடை ஏறாதே. தடுப்பைக் காலி பண்ணாதே."

இவர் படித்துப் பார்த்தார். பிழை இருக்கா என்றேன். இல்லை என்றார். உள்ளே போய் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுதினதுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ டிரைவரை டேப் போட்டு ஒட்டிவிட்டு, சாவியை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கைதட்டலின் வண்டிவரை போனார்.